மேல் வீட்டுப் பால்கனியிலிருந்து நம் யார்டை மறைப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா கேட்ட கேள்வி இது. அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மனை இவர் மனையைவிட ஒன்றரை மீட்டர் உயரம். அங்கே குடியிருப்பவர்கள் சென்ற ஆண்டு மாடி எடுத்துப் பால்கனியும் போட்டுவிட்டார்கள். அங்கே யாராவது வந்து நின்றால் இவர் யார்டு முழுவதும் தெரிகிறது: துணி காயும் கொடி, சாயங்காலம் அம்மா உட்காரும் நாற்காலி, மூலையில் இருக்கும் சின்ன அம்மன் சந்நிதி. ஆடியில் கூழ் ஊற்றும்போதுகூட யாரோ பார்த்துக்கொண்டே இருப்பதுபோல அம்மாவுக்குக் கூச்சமாக இருக்கிறதாம். எல்லைச் சுவரை உயர்த்தலாமா, என்ன மரம் வைக்கலாம் என்பது கேள்வி.

அக்கா, சுவரில் காசைப் போடுவதற்கு முன் ஒரு நாற்காலியையும் ஒரு நீளமான கம்பையும் எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போங்கள். மறைப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த இரண்டும் சொல்லிவிடும். மறைப்பு என்றதும் நம் ஆட்கள் எல்லோரும் எல்லைக் கோட்டைத்தான் பார்க்கிறார்கள். சமதரையில், பக்கத்து வீட்டுக்காரர் தரையில் நிற்கும்போது அது சரி. மேலிருந்து பார்ப்பவரை மறைக்க எல்லைதான் மிக மோசமான இடம்.

நீங்கள் கொடுத்த அளவுகளை வைத்தே கணக்குப் போடுவோம். மேல் மனை 1.5 மீட்டர் உயரம். பால்கனித் தளம் அதற்கு மேல் ஏறக்குறைய 3 மீட்டர். அதில் நிற்பவர் கண் இன்னும் 1.5 மீட்டர் மேலே. ஆக, உங்கள் தரையிலிருந்து அவர் கண் 6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பால்கனி எல்லையிலிருந்து 4 மீட்டர் உள்ளே, அம்மா உட்காரும் இடம் எல்லையிலிருந்து 5 மீட்டர் இந்தப் பக்கம் என்கிறீர்கள். உட்கார்ந்திருப்பவர் முகம் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். பால்கனியில் நிற்பவர் கண்ணிலிருந்து அம்மா முகத்துக்கு ஒரு கயிறு கட்டினால், எல்லைக்கு நேராக அந்தக் கயிறு 3.9 மீட்டர் உயரத்தில் போகும். அதாவது எல்லையில் ஏறக்குறைய நாலு மீட்டர் சுவர் கட்டினால்தான் அம்மா முகம் மறையும். அதே கயிறு நாற்காலிக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் 2 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான ஒரு தட்டி நின்றால் போதும், தலை முதல் கால் வரை மறைந்துவிடும்.

இதை மீட்டர் கணக்கு இல்லாமலே சோதித்துப் பார்க்கலாம். அம்மாவை வழக்கமான இடத்தில் உட்காரச் சொல்லுங்கள். வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் கம்பின் நுனியில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு நாற்காலிக்கும் எல்லைக்கும் இடையில் நிற்கட்டும். அந்தத் துண்டு பால்கனிக் கைப்பிடிக்கு மேல் ஆள் தலை வரும் இடத்தை எந்த உயரத்தில் மறைக்கிறது என்று அம்மா சொல்லட்டும். ஒரு மீட்டர் தள்ளி, இரண்டு மீட்டர் தள்ளி, மூன்று மீட்டர் தள்ளி என்று பார்த்துக் கம்பில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் பால்கனியில் நிற்பவர் கண் தெரியவில்லை என்றால் அவருக்கும் அம்மா முகம் தெரியாது. சந்நிதிக்கு முன்னால் நின்று ஒருமுறை, துணிக் கொடியடியில் ஒருமுறை இதையே செய்யுங்கள். யார்டு முழுவதையும் மறைக்க வேண்டியதில்லை, இந்த மூன்று இடம் போதும் என்பது அப்போதே தெரிந்துவிடும். செலவும் அதற்கேற்பக் குறையும்.

சுவர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்கக் கட்டட விதிகளில் தரையிலிருந்து எந்த இடத்திலும் 1.8 மீட்டருக்கு மிகாத, மண்ணைத் தாங்காத தனிச் சுவர் ‘சிறு கட்டட வேலை’ என்ற வகையில் வரும். அதற்கு முழு வரைபடம் இல்லாமல் விலக்குக் கிடைக்கலாம். ஆனாலும் நகராட்சியின் கட்டடக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். அதைவிட உயர்ந்தால் வரைபடம், ஒப்புதல் எல்லாம் தேவை. டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி நகராட்சி அலுவலகத்தில் உங்கள் மனைக்கு வேறு நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் 1.8 மீட்டர் சுவர் உங்கள் பால்கனிப் பிரச்சினையைத் தீர்க்காது என்று மேலே கணக்கிலேயே பார்த்துவிட்டோம்.

இன்னொன்று, இது எனக்கு மிக முக்கியம். மேல் மனையின் மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர் மேலேயே நாலு வரிசைக் கல் வைத்து உயர்த்துவது நம் ஊரில் சர்வசாதாரணமாக நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தச் சுவர் மண்ணின் பாரத்துக்காகக் கட்டியது. மேலே ஏற்றும் பாரத்தையும் காற்று தள்ளும் வேகத்தையும் யாரும் அப்போது கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். டர்பனைச் சுற்றிச் சரிவுகளில் இருந்த வீடுகள் மண்ணோடு இறங்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். சுவரில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை மறைத்துச் செடி வைப்பதும், சிமெண்ட் பூசி அடைப்பதும் அதே அளவு ஆபத்து. லோஃபல்ஸ்டைன் என்னும் குழியுள்ள கான்கிரீட் கல் அடுக்கிய சரிவாக இருந்தால் அந்தக் குழிகளில் சின்னச் செடிகளும் படரும் செடிகளும் மட்டும் போதும், மரம் வேண்டாம்.

சாட்ஸ்வொர்த்தில் இந்தத் தொல்லை ஏன் இவ்வளவு என்றால், அந்த ஊர் உருவான விதம் அப்படி. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் 1950இல் வந்தது. அறுபதுகளில் மேகசின் பாராக்ஸ், கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து நம் ஆட்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே குடிவைத்தார்கள். குன்றுச் சரிவில் படிப்படியாக, ஒட்டி ஒட்டி வீடுகளைக் கட்டினார்கள். ஒருவர் வீட்டு யார்டு இன்னொருவர் ஜன்னலுக்குக் கீழே என்பது அன்றே வரைபடத்தில் வந்துவிட்டது. குடும்பம் பெருகி, மாடி எடுத்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. உங்கள் மேல் வீட்டுக்காரரும் அதே இடநெருக்கடியில்தான் மாடி எடுத்திருப்பார். அவரோடு பேசப் போகும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேசத்தான் வேண்டும், அதுவும் எதையும் கட்டுவதற்கு முன். “அம்மாவுக்கு சாமி கும்பிடும் இடத்தில் கூச்சமாக இருக்கிறது” என்று சொன்னால் பெரும்பாலும் யாரும் கோபப்பட மாட்டார்கள். அவர் பால்கனிக் கைப்பிடியில் நீளத் தொட்டிகள் வைத்துச் செடி வளர்த்தாலோ, கம்பிக் கைப்பிடிக்கு உள்பக்கம் ஒரு மறைப்பைக் கட்டினாலோ, அங்கே உட்கார்ந்திருப்பவர் பார்வை தானாகவே உங்கள் யார்டைத் தாண்டிப் போய்விடும். கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் மறைப்பு சின்னதாக இருந்தாலும் வேலை செய்யும். பால்கனியை ஒட்டிய ஜன்னல் என்றால் கீழ்க் கண்ணாடிக்குப் பனிப்படலம் போன்ற ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லலாம். அந்தத் தொட்டிகளுக்கான செலவில் பாதியை நீங்களே தருவதாகச் சொல்லுங்கள். சுவரோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

சட்டத்தை நம்பி இறங்கலாமா என்றால், இந்த நாட்டில் மனைக்காரருக்குக் காட்சிக்கென்று தானாக வரும் உரிமை கிடையாது. அதேபோல, ஒரு பால்கனியிலிருந்து உங்கள் யார்டு தெரிகிறது என்பது மட்டுமே குற்றமாகிவிடாது. மாடிக்கு நகராட்சி ஒப்புதல் வாங்கியிருக்கிறாரா என்று விசாரிக்க வழி உண்டு. 1977ஆம் ஆண்டுக் கட்டட விதிச் சட்டப்படி ஒப்புதல் இல்லாமல் கட்டக் கூடாது. ஆனால் அந்தக் கதவைத் தட்டிவிட்டால் பிறகு அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இருக்காது. தினமும் முகம் பார்க்க வேண்டிய வீடு. கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் யார்டுக்கு நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன்.

அம்மா உட்காரும் இடத்துக்குப் பந்தல். மேலிருந்து வரும் பார்வைக்கு நம் பழைய பந்தலைவிட நல்ல மறைப்பு எதுவும் இல்லை. 2.4 மீட்டர் உயரத்தில் பந்தல் போட்டு, அதன் ஓரத்தை நாற்காலியிலிருந்து மேல் வீட்டுப் பக்கமாக 2.25 மீட்டர் நீட்டினால் அம்மா முகம் மறைந்துவிடும். மடியும் காலும் தெரியும். அந்த ஓரத்திலிருந்து 90 சென்டிமீட்டர் நீளத்துக்கு மூங்கில் திரையோ கொடியோ தொங்கவிட்டால் கால் வரை மறைந்துவிடும். கீழே ஒன்றரை மீட்டர் திறந்தே இருப்பதால் காற்றும் வரும், அம்மாவுக்கு யார்டும் தெரியும், அடைத்த மாதிரி இருக்காது. பந்தலில் முதல் வெயில் காலத்துக்கு அவரை, சுரை, புடலை எது வேண்டுமானாலும் ஏற்றுங்கள். டர்பன் வெக்கைக்கும் மழைக்கும் ஒரே பருவத்தில் கூரையை மூடிவிடும். கூடவே காலடியில் நிரந்தரமாக ஒரு கொடி வைத்துவிடுங்கள். இந்த மண்ணிலேயே பிறந்த காட்டுமல்லி ஒன்று இருக்கிறது, ஜாஸ்மினம் மல்டிபார்ட்டிட்டம் என்று நர்சரியில் கேட்டால் தருவார்கள். வெள்ளை நட்சத்திரம் போன்ற பூ, மொட்டின் வெளிப்பக்கம் இளஞ்சிவப்பு, வாசனை நம் முல்லைக்குச் சளைத்ததில்லை.

சந்நிதிக்குப் பின்னால் வாழை வையுங்கள். பூஜைக்கு இலையும் ஆயிற்று, ஓராண்டுக்குள் தலைக்கு மேல் உயர்ந்து பெரிய இலையால் மறைப்பும் ஆயிற்று. ஒரு தூரில் மூன்று கன்றுக்கு மேல் விடாதீர்கள். விட்டால் நெருங்கி, அடியில் அழுகிய மட்டை சேர்ந்து எலி குடியேறும். சமையலறைக் கழுவுநீர் போகும் பக்கமாக வைத்தால் தண்ணீர் தனியாக ஊற்றும் வேலையும் மிச்சம். அங்கே நிழல்வலை மட்டும் கட்டாதீர்கள். அது பிளாஸ்டிக். கூழ் அடுப்பும் கற்பூரமும் எரியும் இடத்துக்குப் பக்கத்தில் உருகித் தீப்பிடிக்கும்.

துணிக் கொடிப் பக்கத்துக்கு உயிர்வேலி. இங்கே என் முதல் தேர்வு அமதுங்குலு. டர்பன் கடற்கரையில் மணலிலும் உப்புக் காற்றிலும் புதராக நிற்குமே, அதுதான். நம் களாக்காய்க்கு நெருங்கிய சொந்தம். தோல் போன்ற கரும்பச்சை இலை, நட்சத்திரம் மாதிரி வெள்ளைப் பூ, சிவந்த பழம். கிளையைக் கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொரு முள்ளும் நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கும். யாரும் அதைத் தாண்டிக் குதிக்க மாட்டார்கள், நம் ஊரில் அதுவும் முக்கியம்தானே. நன்றாகப் பழுத்த பழத்தை மட்டும் சாப்பிடலாம், கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். நன்றாகச் சிவந்ததைப் பறித்து ஜாம் செய்வார்கள், ஊறுகாயும் போடலாம். குரங்குகளுக்கும் அது பிடிக்கும் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 60 முதல் 80 சென்டிமீட்டருக்கு ஒரு செடி. நட்ட முதல் ஆண்டிலேயே நுனியைக் கிள்ளிக்கொண்டே வாருங்கள். அப்படிச் செய்யாவிட்டால் மேலே குடைபோல அடர்ந்து, கீழே கம்பு கம்பாக ஓட்டை விழுந்துவிடும், பிறகு சரிசெய்வது கஷ்டம். வெட்டும்போது அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் வெட்டினால் கீழ் இலைக்கும் வெயில் கிடைக்கும்.

அமதுங்குலு வேகமாக வளராது. சீக்கிரம் வேண்டுமென்றால் டெக்கோமாரியா. கேப் ஹனிசக்கிள் என்றும் சொல்வார்கள். ஆரஞ்சுப் பூ, தேன்சிட்டு வரும், வெட்ட வெட்ட அடரும், இரண்டு கோடையில் வேலி ஆகிவிடும். நிழல் விழும் தென்பக்க மூலைக்கு மக்காயா பெல்லா என்ற புதர் நன்றாக வரும். ஒரே ஒரு மரம் வேண்டும், அதுவும் நாற்காலிக்கும் பால்கனிக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்றால் ரோத்மேனியா குளோபோசா. ஒல்லியாக மேலே போகும், அகலமாகப் படர்ந்து இடத்தை அடைக்காது, வசந்தத்தில் மணி மணியாக வாசனைப் பூ. உயரமாக மறைக்கிறதே என்று காட்டு வாழையை (இது பழ வாழை அல்ல, ஸ்ட்ரெலிட்சியா) சுவரோரம் வைத்துவிடாதீர்கள். அது பத்து மீட்டர் போகும், தூர் பருத்துச் சுவரையும் குழாயையும் தள்ளும். நம் சின்ன மனைகளுக்கு ஆகாது. ஓடும் வகை மூங்கிலும் அப்படித்தான், அடுத்த மழைக்கு மேல் வீட்டுக்காரர் மனையில் முளைத்து நிற்கும்.

வைக்கக் கூடாத செடிகளில் பல நம் வீடுகளில் தலைமுறையாக இருப்பவை. அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டு உயிர்ப்பல்வகைச் சட்டத்தின் கீழ் 2014இலும், அவற்றுக்குப் பதிலாக 2020இலும் அந்நிய ஆக்கிரமிப்புச் செடிகளுக்கான விதிகள் வந்தன. பூஜைக்குப் பறிக்கும் மஞ்சள் அரளி அந்தப் பட்டியலில் 1பி வகை. அதாவது புதிதாக நடவோ விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது, இருப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும். வேலிக்கு எல்லோரும் வைக்கும் முரையாவும் குவாசூலு-நட்டாலில் அதே வகை. வெள்ளைப் பூ, மணம், கறிவேப்பிலைக்குச் சொந்தம் என்று எல்லாம் இருந்தும், பறவைகள் பழத்தைத் தின்று காட்டில் விதைத்துவிடுகின்றன. மஞ்சள் மணிப்பூ டெகோமாவும் லன்டானாவும் இதே கதை. மேலே சொன்ன டெக்கோமாரியாவும் இதுவும் ஒன்றல்ல, வாங்கும்போது பூ ஆரஞ்சு நிறமா என்று கேட்டு வாங்குங்கள். வேப்பிலை கிடைக்காதபோது அம்மன் பூஜைக்கு மலைவேம்பு இலையைப் பயன்படுத்தும் வீடுகள் உண்டு. சிரிங்கா என்று இங்கே சொல்லும் அந்த மரமும் பட்டியலில்தான் இருக்கிறது. பழைய மரத்தின் நிலை என்ன என்பதை நகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள், மறைப்புக்காகப் புதிதாக நடாதீர்கள். பட்டியலில் உள்ள செடி மனையில் இருந்தால், வீட்டை விற்கும்போது வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் இருக்கிறது.

வெயில் கணக்கு ஒன்று பாக்கி. தமிழ்நாட்டுப் புத்தகங்களையும் வீடியோக்களையும் பார்த்துச் செடி வைத்தால் திசை மாறிவிடும். இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. ஜூனில் டர்பனில் உச்சி வெயில்கூடத் தொடுவானத்திலிருந்து 37 பாகை அளவுக்குத்தான் ஏறும். அப்போது 3 மீட்டர் வேலியின் நிழல் தெற்கே 4 மீட்டர் நீளும். டிசம்பரில் அதே வேலியின் நிழல் அரை மீட்டர்கூட இருக்காது. மேல் வீடு உங்களுக்கு வடக்கே என்றால் உயரமான பச்சை வேலி குளிர்காலம் முழுவதும் யார்டை ஈரமாக வைத்துவிடும், துணி காயாது. அப்படியானால் அங்கே வேலியைத் தாழ்வாக விட்டுப் பந்தலையே நம்புங்கள். அவரையும் சுரையும் குளிரில் காய்ந்து உதிர்ந்தால் வெயில் உள்ளே வரும். மேல் வீடு தெற்கே என்றால் கவலையே இல்லை, எவ்வளவு உயரமாகவும் வளர்க்கலாம். மேற்கே என்றால் மாலை வெயிலையும் சேர்த்து மறைக்கும், இரட்டை லாபம்.

செடி வளரும் வரை நிழல்வலை கட்டுவது நல்ல யோசனைதான். 80 சதவீத வெயிலைத் தடுக்கும் வலை போதும். இறுக்கமாகத் தகரம்போலப் பலகை அடித்தால் வடகிழக்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் மாறி மாறி அடிக்கும் காற்று கம்பத்தோடு பிடுங்கும். வலையில் காற்று புகுந்து போய்விடும். கம்பத்தை 60 சென்டிமீட்டருக்குக் குறையாமல் புதைத்துக் கான்கிரீட் போடுங்கள்.

வேலியின் அடியை எப்போதும் சுத்தமாக வையுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கிளைகளை நீக்கி, சருகையும் பழைய பலகையையும் குவிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாட்ஸ்வொர்த் பக்கம் மாம்பா பாம்பு வீடுகளுக்கு வருவது புதிதல்ல. பந்தல் கொடி ஜன்னல் கம்பியையும் கூரை ஓரத்தையும் தொடாமல் வெட்டிவிடுங்கள்.

நடுவதற்குச் செப்டம்பர், அக்டோபர்தான் சரி, மழை தொடங்கும் நேரம். அதற்குள் பந்தல் கம்பங்களை நட்டு முடித்துவிடலாம். நர்சரிக்குப் போவதற்கு முன் ஒருநாள் சில்வர்கிளென் இயற்கைக் காப்பகத்துக்குப் போய் வாருங்கள், உங்களுக்குப் பக்கம்தான். உங்கள் ஊர் மண்ணில் எந்தப் புதர் தண்ணீர் ஊற்றாமல் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அங்கே கண்ணால் பார்க்கலாம். வேலிக்குக் குழி வெட்டும் முன், மேல் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் உங்கள் மனை வழியாக இறங்குகிறதா என்று வீட்டு வரைபடத்தில் பாருங்கள். சரிவில் உள்ள பல மனைகளில் அப்படித்தான் போகிறது. இருந்தால் செடி வரிசையை ஒன்றரை மீட்டராவது தள்ளி வையுங்கள். அளவு எடுத்த பிறகு மூன்று இடத்தின் உயரத்தையும், மேல் வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள், எத்தனை செடி வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.